வெளியே இருக்கட்டும், தொலைவில் வேண்டாம்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள கண்டக்குழி போன்ற ஊர்களில் நாய் வளர்ப்பது பெரும்பாலும் காவலுக்காகத்தான். ஒரு பக்கம் கடலும் மீன் வாடிகளும். வாடிக்குள் வலை இருக்கும், எஞ்சின் இருக்கும், எண்ணெய்க் கலன் இருக்கும். மறுபக்கம் மணல் தோட்டங்கள்: வெங்காயம், மிளகாய், பீட்ரூட், அவற்றைச் சுற்றித் தென்னை. அண்மைக் காலத்தில், காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் விளையாட்டுக்காக வரும் வெளிநாட்டவரை நம்பி எழுந்த விடுதிகளும் சேர்ந்துகொண்டன. இந்த மூன்றுக்கும் இரவுக் காவல் வேண்டும். ஆளை வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், நாயை வைத்தால் சோறு போட்டால் போதும் என்பதே பலரது கணக்கு. அந்த நாயை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு கட்சிகள். பின்வளவு வேலியோரம், ஒரு தகரக் கூட்டுக்குப் பக்கத்தில், சங்கிலியில் கட்டிப்போடுவது பழைய வழக்கம். நாயும் ஒரு பிள்ளைதான், வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே படுக்கட்டும் என்பது நகரத்திலிருந்தும் தொலைபேசித் திரையிலிருந்தும் வந்த புதிய எண்ணம். வேலை செய்யும் நாய்க்கு இந்தக் கரையில் வெளியே இருப்பதே நல்லது என்பது என் முடிவு. ஆனால் நாம் இப்போது வைத்திருக்கும் விதத்தில் அல்ல. நாயைக் கெடுப்பது வீட்டுச் சுவருக்கு வெளியே படுப்பதல்ல, மனிதரை விட்டுத் தொலைவில் கிடப்பதுதான்.

முதலில் வெளியே என்பதற்கான நியாயத்தைப் பார்ப்போம். காவல் நாயின் வேலை கடிப்பதல்ல, அறிவிப்பது. இருட்டில் வேலி அசைந்ததை, தெரியாத காலடியை, பழக்கமில்லாத வாடையை நமக்கு முன்பே அறிந்து குரைப்பதுதான் அதன் தொழில். நாயின் உறக்கம் அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கிறது. நாய்கள் இரவில் எப்படி உறங்குகின்றன என்பதை ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ், ஜோன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கவனித்து 1993இல் வெளியிட்டார்கள். சராசரியாக 16 நிமிடம் உறக்கம், 5 நிமிடம் விழிப்பு என்று மாறி மாறிப் போவதைக் கண்டார்கள். அந்தக் கணக்குப்படி எட்டு மணி நேர இரவில் ஒரு நாய் இருபது தடவைக்கு மேல் விழிக்கிறது. அப்படி விழிக்கும்போது அதன் மூக்குக்கும் காதுக்கும் எது எட்டுகிறது என்பதில்தான் காவலின் பயன் இருக்கிறது. சாத்திய கதவுக்குப் பின்னால், மின்விசிறி இரைச்சலுக்குள், குசினி வாடைக்கு நடுவே படுத்திருக்கும் நாய்க்கு வேலிக்கு அப்பால் நடப்பதில் பாதி எட்டாது. கண்டக்குழிக் காற்று ஓயாமல் வீசும் காற்று. தென்மேற்குப் பருவத்தில், மே முதல் ஒக்டோபர் வரை, கடலிலிருந்து ஒரே முகமாக அடிக்கும். அந்தக் காற்று கொண்டுவரும் வாடைதான் நாய்க்குச் செய்தி. கதவைச் சாத்தினால் செய்தி நின்றுவிடும்.

வெப்பமும் இதே பக்கம்தான் பேசுகிறது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். நாக்கை நீட்டி இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிர்த்துகிறது. வெப்பநிலத்தில் வேலை செய்யும் உடல் அந்த வெப்பத்துக்குப் பழக வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு கிழமையாவது தேவை. பகலெல்லாம் குளிரூட்டிய அறையில் வைத்திருந்து மாலையில் திடீரென மணலில் ஓடவிட்டால் அந்தப் பழக்கம் கைகொடுக்காது. மோப்ப நாய்க்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாய் திறந்து இரைக்கும் நாயால் மூக்கால் நிதானமாக முகர முடியாது. வெப்பம் தாங்காமல் இரைக்கத் தொடங்கிய மோப்ப நாய் அந்த நேரத்துக்கு மோப்ப நாயாக இல்லை என்றே சொல்லலாம்.

இவ்வளவும் சொன்னதால், பின்வளவில் கட்டிப்போட்டவர்கள் தங்கள் பக்கம் தீர்ப்பு வந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38 முதல் 39 பாகை செல்சியஸ். அது 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும், சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். நடுப்பகலில் ஒரு தகரக் கூட்டுக்குள் கையை வைத்துப் பாருங்கள். கூரைத் தகடு தொடமுடியாமல் சுடும், உள்ளே காற்று அசையாது, கடலோர ஈரப்பதத்தில் நாக்கின் ஈரமும் லேசில் ஆவியாகாது. கூட்டுக்குள் போகாமல் வெளியே நிற்கலாம் என்றால் சங்கிலி நிழலை எட்டாது. காலையில் தலைமாட்டில் இருந்த நிழல் பத்து மணிக்கு மேல் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். தண்ணீர்ச் சட்டியை நாய் சங்கிலியால் இழுத்துக் கவிழ்த்திருக்கும். அல்சேஷன்தான் வேண்டும் என்று பணம் கொடுத்து வாங்கியவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டுக்கென்று இரட்டை மயிர்ப் போர்வையோடு பிறந்த இனம் அது. ஒட்டின மயிரும் ஒடுங்கின உடம்பும் கொண்ட நமது ஊர் நாய் இந்த வெயிலில் அதைவிட எளிதாகப் பிழைக்கும். காவலுக்குக் குரைப்பதில் அது எந்த வகையிலும் குறைந்ததும் அல்ல.

தொலைவு என்று நான் சொல்வது வெயிலைவிடப் பெரிய சங்கதி. நாய்க்குட்டி மூன்றாம் கிழமையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் கிழமை வரைக்கும் யாரைத் தன் கூட்டம் என்று கொள்வது எனக் கற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் செய்து 1961இல் வெளியிட்ட பரிசோதனை இதைத் துலக்கமாகக் காட்டியது. வேலியிட்ட வெளியில், தாயோடு, மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் ஒவ்வொரு தொகுதியையும் ஒரு கிழமை மட்டும் எடுத்து மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப அனுப்பினார்கள். 14 கிழமை வரை மனிதக் கையே படாத குட்டிகள் காட்டு விலங்குபோல ஆகிவிட்டன. பிறகு எவ்வளவு முயன்றும் அவற்றைப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. நம் ஊரில் குட்டியைக் கொண்டுவந்த நாளிலேயே தோட்டத்து மூலையில் கட்டிவிட்டு, சோறு வைக்க மட்டும் ஒருவர் போய்வருவது வழக்கம். அது வளர்ந்து வீட்டுப் பிள்ளையையே கடிக்கும்போது நாயின் சாதிக் குணம் என்கிறோம். பாதிப் பொறுப்பு நம்முடையது.

வளர்ந்த நாய்க்கும் இதுவே பொருந்துகிறது. பெல்ஜிய இராணுவத்தின் நாய்களையும் அவற்றைக் கையாளும் வீரர்களையும் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முகாம் கூடுகளிலேயே விடப்பட்ட நாய்களைவிட, வீரரின் வீட்டுக்குப் போய்வந்து, வேலைக்கு வெளியேயும் அவரோடு விளையாடிப் பழகிய நாய்கள் கட்டளைக்கு நன்றாகக் கீழ்ப்படிந்தன. அவை ஆளைக் கடித்த சம்பவங்களும் குறைவாக இருந்தன. நாயை வீட்டுக்குக் கொண்டுபோகும் வீரர் முதலிலிருந்தே நாய்மேல் அக்கறை உள்ளவராக இருந்திருப்பார், அதனால்தான் நாயும் நல்லதாக இருந்தது என்று ஒருவர் வாதிடலாம். சரியான வாதம்தான். ஆனால் அதுவும் நான் சொல்வதற்கே வந்து சேருகிறது: அக்கறையுள்ள ஆளின் நாய் நல்ல வேலைக்கார நாய். பிரித்தானியாவில் பொலிஸ் நாய்கள் பெரும்பாலும் அவற்றைக் கையாளும் பொலிஸ்காரரின் வீட்டில்தான் வாழ்கின்றன, பலவேளை அந்த வீட்டுத் தோட்டத்தில் அமைத்த கூட்டில். வீட்டுக்குள்ளும் இல்லை, வீட்டை விட்டு விலகியும் இல்லை. இலங்கைப் பொலிஸின் நாய்ப் பிரிவு கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டது. பொலிஸ் வேலையிலும், வடக்கில் கண்ணிவெடி தேடும் வேலையிலும், நாய்க்கென்று ஓர் ஆளை நியமித்து அந்த இருவரையும் சோடியாகப் பழக்குவதே முறை. நாய் தகரக் கூட்டில் படுக்கிறதா கல் கட்டடத்தில் படுக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான்.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு வரும். கொஞ்சினால் நாய் கெட்டுவிடும், ஆளோடு பழகின நாய் கள்ளனோடும் பழகிவிடும், கட்டிப்போட்டால்தான் ரோசம் வரும் என்பார்கள். கட்டிப்போட்ட நாய் மூர்க்கமாவது உண்மை. தப்பி ஓட வழியில்லாத விலங்கு பயத்தில் சீறத்தான் செய்யும். ஆனால் அந்தச் சீற்றம் காவல் ஆகாது. நடமாட்டத்தையும் நட்பையும் ஒருசேரத் தடுத்து வைத்த பீகிள் நாய்களை நெதர்லாந்தில் பீர்டா குழுவினர் ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். உடலைத் தாழ்த்தி ஒடுங்கி நிற்பது, முன்காலைத் தூக்கியபடி தயங்குவது, தன்னைத்தானே நக்கிக்கொண்டிருப்பது என்று நீண்டநாள் மன உளைச்சலின் அடையாளங்களை அவற்றில் கண்டார்கள். அந்த நிலையில் உள்ள நாய் எல்லாவற்றுக்கும் குரைக்கும்: தேங்காய் விழுந்தாலும், பூனை போனாலும், மீன் வாங்க வந்தவர் கூப்பிட்டாலும். இரவு முழுக்கக் குரைக்கும் நாயை ஒரு மாதத்தில் வீட்டார் காதில் வாங்குவதை விட்டுவிடுவார்கள். பிறகு உண்மையாகவே கள்ளன் வரும் இரவிலும் யாரும் எழும்பமாட்டார்கள். வீட்டுக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதை அறிந்த நாய்க்குத்தான் அந்நியனை அந்நியன் என்று தெரியும். அந்த அறிவு வேலியோரச் சங்கிலியில் வளராது. முற்றத்தில் மனிதரோடு புழங்கித்தான் வளரும்.

இனி மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் நாய் வளர்ப்பவர்கள் மிகக் குறைவாகப் பேசுவது இதைத்தான். நாயின் குடலில் வாழும் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி நாயை வெளிறச் செய்யும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, சூடும் ஈரமும் நிழலும் உள்ள மணலில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஏறக்குறைய ஒரு கிழமையில், இன்னொரு உடலுக்குள் தோல் வழியாகவே நுழையும் பருவத்தை அடைந்துவிடும். வெயிலில் காயும் மணலில் அவை பிழைக்கா. தண்ணீர் சிந்தும் இடம், கூட்டின் நிழல், நாய் திரும்பத் திரும்பக் கழிக்கும் மூலை ஆகியவைதான் அவற்றுக்கு வயல். ஒரே வட்டத்துக்குள் கட்டப்பட்ட நாய் தன் கழிவின்மேலேயே படுத்து, நாள்தோறும் புதிதாகத் தொற்றிக்கொள்கிறது. வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் அந்தப் புழுக்கள் நுழைந்து, சிவந்த கோடாக ஊர்ந்து, தாங்கமுடியாத அரிப்பைத் தரும். கொக்கிப்புழு இனங்களுள் ஒன்றின் அறிவியற் பெயரே அன்கிலோஸ்டோமா சிலானிக்கம். 1911இல் லூஸ் என்ற ஆய்வாளர் இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு புனுகுப் பூனையில் கண்டு வைத்த பெயர் அது. நாய்க்கும் பூனைக்கும் உரிய அந்தப் புழு மனிதக் குடலிலும் முழுதாக வளரக்கூடியது என்பது இன்று ஆசிய நாடுகள் பலவற்றில் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் நாயை வீட்டுக்குள் எடுத்தால் தீர்ந்ததா? உண்ணி இருக்கும்வரை தீராது. நாய்களில் நாம் காணும் பழுப்பு உண்ணி, மற்ற உண்ணிகளைப்போல் புல்லை நம்பி வாழ்வதில்லை. கட்டடத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடியது. இரத்தம் குடித்துப் பருத்த பெட்டை உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, வெடிப்பிலோ கதவுச் சட்டத்துக்குப் பின்னாலோ சில ஆயிரம் முட்டை இடும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். எந்த நேரத்திலும் நாயின் உடலில் நாம் காண்பது ஒரு சிறு பங்கு, மிச்சம் சுவரில். இந்த உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிதான் 1960களின் பிற்பகுதியில் வியட்நாமில் அமெரிக்கப் படையின் வேலை நாய்களை நூற்றுக்கணக்கில் கொன்றது. மூக்கிலிருந்து இரத்தம் கசிய, உடல் மெலிந்து அவை செத்தன. நுளம்பும் அப்படித்தான். டைரோபிலேரியா ரெப்பென்ஸ் என்ற நூற்புழுவை நாயிலிருந்து நாய்க்கும் சிலவேளை மனிதருக்கும் கடத்துவது நுளம்பு. மனிதரில் இந்தத் தொற்று அதிகமாகப் பதிவாகும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆகவே சுத்தம், மருந்து, கவனிப்பு மூன்றும் இல்லாமல் இடத்தை மட்டும் மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. வெளிக்கூட்டில் ஒரு வசதி உண்டு: அதைக் கழுவலாம், சுண்ணாம்பு பூசலாம், வெயிலில் காயவிடலாம். படுக்கையறையை அப்படிச் செய்ய முடியாது.

நல்ல கூடு கட்டுவது பெரிய வித்தையல்ல, ஆனால் இந்த ஊரின் காற்றையும் மணலையும் தெரிந்து கட்ட வேண்டும். தரையை ஓரடி உயர்த்தி, சீமெந்து பூசி, ஒரு பக்கமாகச் சரித்துவிட்டால் கழுவிய தண்ணீர் தேங்காது. வாசல் நேரே கடல் முகமாக இருந்தால் உப்பும் மணலும் உள்ளே அடிக்கும். முழுக்க மறைத்தால் காற்றே இல்லாமல் வேகும். பக்கவாட்டில் காற்று நுழைந்து வெளியேற இரண்டு பக்கமும் கம்பியோ பலகை இடைவெளியோ வேண்டும். கிடுகுக் கூரை குளிர்ச்சிதான், ஆனால் கிடுகின் மடிப்பெல்லாம் உண்ணிக்கு வீடு. அதனால் கூட்டின் சொந்தக் கூரையை வழவழப்பான ஓட்டிலோ சீற்றிலோ போட்டு, அதற்கு மேலே ஒரு முழம் விட்டு, கூட்டைத் தொடாமல் தனித் தூணில் கிடுகுப் பந்தல் போடுவது நல்லது. நிழல் கிடுகு தரும், இடைவெளியில் காற்று ஓடும், உண்ணிக்கு ஏறும் வழி குறையும். உள்ளே பூச்சில் வெடிப்பு இருக்கக்கூடாது. தண்ணீர்ச் சட்டியைப் பாதி மணலில் புதைத்து நிழலில் வைத்தால் கவிழாது, சூடேறாது. மலத்தை நாள்தோறும் அள்ளி, பிள்ளைகள் போகாத இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். இத்தனைக்கும் ஆகும் செலவு சாதி நாய் ஒன்றை வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. ஓரடி உயர மேடையும் ஒரு பந்தலும் போடக்கூட வழியில்லை என்பவர்கள் ஒரு நாயோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

முஸ்லிம்கள் நிறைந்து வாழும் புத்தளக் கரையில் நாய் வீட்டுக்குள் வருவது என்ற பேச்சே பல வீடுகளில் எழாது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணோடு, கழுவ வேண்டும். இதைக் காட்டி நாயைக் கண்காணாத மூலையில் தள்ளுவது சரியென்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் வேட்டைக்கும் மந்தைக்கும் தோட்டக் காவலுக்கும் நாய் வைத்திருப்பதை அதே மார்க்கம் அனுமதிக்கிறது. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த செய்தியை அறியாத முஸ்லிம் வீடு இராது. குர்ஆன் சொல்லும் குகைவாசிகளோடு இருந்த நாயும் உள்ளே போகவில்லை, முன்கால்களை நீட்டி வாசலில்தான் கிடந்தது. வீட்டுக்கு வெளியே, ஆனால் வீட்டாரின் கண் படும் இடத்தில் என்ற ஏற்பாடு இந்த ஊரின் ஒழுக்கத்தோடு மோதாது. நாய்க்கென்று தனிச் சட்டியும், பிள்ளைகள் கை கழுவும் பழக்கமும் இருந்தால் போதும். கத்தோலிக்க வீடுகளிலும் விறாந்தை வரைதான் நாய்க்கு எல்லை என்ற வழக்கம் அந்நியமானதல்ல.

சங்கிலியும் வேண்டாம், கூடும் வேண்டாம், அவிழ்த்துவிட்டால் தானே திரிந்து பிழைக்கும் என்போருக்கு ஒரே பதில் விசர்நாய்க்கடி. 1973இல் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசியும் மருத்துவமும் பரவிய பிறகு அது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்தது. அந்த இருபது முப்பதும் தவிர்த்திருக்கக் கூடியவை, ஏனென்றால் அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. நாயைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. கூடு உள்ள நாயைத் தடுப்பூசி நாளில் பிடிக்கலாம். ஊர் சுற்றும் நாயை யார் பிடிப்பது? அதனால் பகலில் கூட்டிலோ கம்பி வேலிக்குள்ளோ வைத்து, இரவில் வேலி அடைத்த வளவுக்குள் அவிழ்த்துவிடுவதே காவலுக்கும் ஊருக்கும் பொருத்தம்.

வீட்டுக்குள் எடுக்க வேண்டிய நாட்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. பாலுண்ணும் பருவம் கடந்த குட்டியை முதல் சில கிழமை குசினிப் பக்கமோ விறாந்தையிலோ வைத்துப் பழக்குங்கள், அந்த வயது திரும்பி வராது. கிழட்டு நாய், நோயாளி நாய், குட்டி ஈன்ற பெட்டை ஆகியவற்றுக்கும் விறாந்தை வேண்டும். ஒக்டோபருக்குப் பிறகு மழையும் இடியும் சேர்ந்து வரும் இரவுகளில் எந்த நாயானாலும் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள், அப்படிப்பட்ட இரவில் அது காவல் செய்யப் போவதில்லை. மற்ற நாட்களுக்கு, புதிதாகக் கூடு கட்டப் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். வேலியோரத்தில் குழி தோண்டுவதற்கு முன், நீங்கள் படுக்கும் அறையின் ஜன்னலைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து கூப்பிட்டால் நாய் வாலாட்டுவது தெரிகிற இடத்தில் கூட்டைக் கட்டுங்கள். ஏற்கெனவே தொலைவில் கட்டிவிட்டவர்கள், அடுத்த மழைக்கு முன் அதைப் பிரித்து வீட்டுப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள்.